வலப்பக்கம் பார்க்கும் சிறுத்தை

அண்ணாச்சி, அந்தக் காலண்டரைக் கொஞ்சம் விரித்துக் காட்டுவீர்களா? மெதுவாக விரியுங்கள், மேலே தகரப் பட்டை இருக்கிறது, கையைக் கிழித்துவிடும். போதும், போதும். இதே படம்தான். சிவகாசியில் நீங்கள் பஸ் ஏறும்போதே சுருளின் ஓரத்தில் அந்தக் கிளை தெரிந்தது. வேறு சீட்டுக்குப் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

உரக்கடையா? திருமங்கலத்திலா? நல்லது. அதற்குள் கடைப் பெயரெல்லாம் போட்டு சாம்பிள் கொடுத்துவிட்டார்களே. வீட்டில் காட்டிவிட்டு ஆர்டர் சொல்வீர்கள். வீட்டம்மா லட்சுமி படம்தான் வேண்டும் என்பார்கள். நீங்கள் சிறுத்தை என்பீர்கள். கடைசியில் லட்சுமிதான் ஜெயிக்கும். முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் பார்த்த வேலை, எனக்குத் தெரியாதா.

இந்தப் படத்தை எடுத்தவன் நான். நம்பிக்கை வரவில்லை, இல்லையா? மஞ்சள் பையும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருக்கிற ஆள் சிறுத்தையைப் படம் எடுத்தானா என்று பார்க்கிறீர்கள். முதுமலை இல்லை அண்ணாச்சி. ஆப்பிரிக்கா. சாம்பியா என்று ஒரு நாடு. போன வருடம் ஐந்து மாதம் அங்கே இருந்தேன்.

என் பெயர் ராஜாமணி. இன்றைக்கு என் மகள் வருகிறாள். மதுரை ஏர்போர்ட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். வினோதினி என்று பெயர். அங்கே காட்டில் சிறுத்தைகளை எண்ணுகிற வேலை. மாப்பிள்ளை பார்க்கிற இடத்திலெல்லாம் இதைச் சொன்னால் 'அப்படியும் ஒரு உத்தியோகமா' என்று கேட்பார்கள். ஒரு நாட்டில் எத்தனை சிறுத்தை இருக்கிறது, எது எங்கே போகிறது, எது எந்தப் பிள்ளையைப் பெற்றது, எல்லாம் கணக்கெடுத்து அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அவள் அம்மா போன பிறகு, தனியாக இருந்து என்ன செய்கிறீர்கள், இங்கே வாருங்கள், படங்களை அடுக்கி வைக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும் என்றாள். போனேன்.

அங்கே ஒருவர். பீட்டர் ஞோவு. அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

ஞோவு தடம் பார்க்கிறவர். வண்டியும் அவர்தான் ஓட்டுவார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். அங்கே மரியாதைக்கு ஒருவரை 'பாம்போ' என்று கூப்பிடுவார்கள். அப்பா என்று அர்த்தம். அவர் என்னை பாம்போ என்பார், நானும் அவரை பாம்போ என்பேன். இரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு காட்டுக்குள் சுற்றுவதைப் பார்த்து வினோ சிரிப்பாள். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, அவருக்கும் அப்படித்தான். இரண்டு அரையும் சேர்ந்து போதுமானதாக இருந்தது.

அவருடைய வேலை எப்படி என்று கேட்டால், கேட்பதுதான் வேலை. காலையில் வண்டியை ஆற்றோரமாகக் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுவார். கண்ணை மூடிக்கொள்வார். நான் முதல் நாள், மனிதர் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு குரங்கு மூன்று தடவை குரைத்தது. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, அங்கே என்றார். போனோம். ஒன்றும் இல்லை. மரம், கிளை, இலை. பாம்போ, வாலைப் பாருங்கள் என்றார். அப்போதுதான் கிளையிலிருந்து ஒரு கயிறு தொங்குவதுபோல வால் தெரிந்தது. நுனி வெள்ளை. எல்லாச் சிறுத்தையும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது, முதலில் வால், பிறகு மிருகம்.

நான் முதல் நாள் வெள்ளைச் சட்டை போட்டுப் போயிருந்தேன். உங்களைப் பார்த்து, பகலில் நிலா வந்திருக்கிறது என்று சிறுத்தை நினைத்திருக்கும் என்று கேலி செய்தார். மறுநாள் தன்னுடைய காக்கிச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன். போடுவதில்லை.

ஒரு விதி சொன்னார். வண்டியில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் வரை சிறுத்தைக்கு நாமும் வண்டியும் ஒரே உருவம். எழுந்து நின்றால் உருவம் உடைந்துவிடும். அப்போதுதான் நாம் மனிதன் என்று அதற்குத் தெரியும். ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். அது தூங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நான் நோட்டில் எழுதுவேன். தூங்குகிறது. தூங்குகிறது. காதை ஆட்டியது. தூங்குகிறது. ஊறுகாய் கொண்டுபோயிருந்தேன், அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் போடாமல் சாப்பிடுவார். சத்தம் போட்டால் சிறுத்தை முழித்துவிடுமே.

விருதுநகர் வந்துவிட்டது போலிருக்கிறது. இறங்குகிறவர்கள் இறங்கட்டும். நீங்கள் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சிறுத்தைகளுக்குப் பெயர் கிடையாது, கன்னத்துப் புள்ளிதான் பெயர். மீசை முடிக்கு மேலே ஒரு வரிசைப் புள்ளி இருக்கும், பாருங்கள், இதோ. மனிதனுக்குக் கைரேகை மாதிரி. இடது கன்னத்தில் எத்தனை, வலது கன்னத்தில் எத்தனை என்று எண்ணிச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு பெண் சிறுத்தைகள். ஒருத்தி இடது கன்னத்தில் இரண்டு, வலது கன்னத்தில் மூன்று. அவள் பெயர் 'இரண்டு மூன்று'. இன்னொருத்திக்கு இடதில் மூன்று, வலதில் இரண்டு. அவள் 'மூன்று இரண்டு'. புரிகிறதா? இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

இரண்டு மூன்றுக்கு இரண்டு குட்டிகள் இருந்தன. மூன்று மாதக் குட்டிகள். பாறை இடுக்கில் ஒளித்து வைத்திருந்தாள். ஞோவு ஒரே ஒரு தடவை என்னைக் கூட்டிப்போய்த் தூரத்தில் நின்று காட்டினார். அந்த இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது, ரேடியோவில் பேசவே கூடாது. ஒரு குட்டி தாயின் வாலைப் பிடித்து விளையாடியது. நான் நோட்டை எடுத்தேன். வேண்டாம், இதை எழுதாதீர்கள் என்று கையைப் பிடித்தார்.

மூன்று இரண்டு வேறு மாதிரி. அவளுக்கு வயதாகிவிட்டது. ஒரு பல் உடைந்துபோனது. மான் பிடிக்க முடியவில்லை. பக்கத்துக் கிராமத்தில் ஆட்டுக் கொட்டிலுக்குள் நுழைய ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில் ஒன்பது ஆடு. அந்த ஜனங்களுக்கு ஆடு என்றால் பிள்ளையின் பள்ளிக்கூடம், மருந்து, எல்லாம் அதுதான். எந்தச் சிறுத்தை என்று காட்டுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கிராமத் தலைவர் வந்து நின்றார். வனத்துறை ஆட்களோ, எது என்று படத்தோடு எழுதிக் கொடுத்தால் கூண்டு வைத்துப் பிடித்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி விடுகிறோம் என்றார்கள். எழுதிக் கொடுக்க வேண்டியது என் மகள்.

ஒரு நாள் விடியும்போது தகவல் வந்தது, இன்னொரு ஆடு போய்விட்டது என்று. வினோ அன்றைக்கு மாவட்ட ஊரில் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நானும் ஞோவும் போனோம். ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வண்டியை விட்டார். ஆற்றோர மரத்தில் மூன்று இரண்டு இருந்தாள். ஆடு கீழ்க்கவட்டில் சொருகியிருந்தது. காலை வெயில் நேராக அவள் முகத்தில். உடம்பெல்லாம் இலைக்குப் பின்னால். முகம் மட்டும் வெளியே. அவள் இடப்பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வினோவின் கேமராவில் மூன்று படம் எடுத்தேன். இரண்டு ஆடிப்போய்விட்டன. ஒன்று மட்டும் நின்றது. அதுதான் இது.

அதுதான் இது என்று சொல்லக் கூடாது. அதிலிருந்து நான் பண்ணினது இது.

எங்கள் அச்சகத்து முதலாளி ஒரு விதி வைத்திருந்தார் அண்ணாச்சி. காலண்டரில் படம் எப்போதும் கடைப் பெயரைப் பார்க்க வேண்டும். பெயருக்கு முதுகு காட்டினால் பார்ட்டி வாங்க மாட்டான். பெயர் வலது பக்கம் வந்தால் யானை வலது பக்கம் பார்க்க வேண்டும், குழந்தை வலது பக்கம் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவோம். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். சாமி படத்தை மட்டும் திருப்பக் கூடாது. முருகன் வேல் கை மாறிவிடும், பார்த்தவுடன் சண்டைக்கு வந்துவிடுவார்கள். மிருகத்தைத் திருப்பலாம். மிருகத்துக்கு வலது ஏது, இடது ஏது, யார் கேட்கப்போகிறார்கள் என்பார் முதலாளி. முப்பத்திரண்டு வருடம் எத்தனை மானை, எத்தனை மயிலைத் திருப்பியிருப்பேன். ஒருவரும் கேட்டதில்லை.

அங்கே வினோ ஒரு காலண்டர் போடச் சொல்லியிருந்தாள். சுற்றுக் கிராமத்துப் பள்ளிகளுக்குக் கொடுக்க. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. அன்றைக்கு மத்தியானம் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆட்டை வெட்டி எடுத்தேன். வெளிச்சத்தைக் கூட்டினேன். நாங்கள் தங்கியிருந்த முகாமின் பெயர் வலது பக்கம் வந்தது. அவள் இடப்பக்கம் பார்க்கிறாள். கை தானாகப் போய்ப் பட்டனைத் தட்டியது. அதே பெயரில் சேமித்தேன். அச்சகத்தில் அப்படித்தான், ஒரு வேலைக்கு ஒரு ஃபைல், இரண்டு வைத்தால் குழப்பம். கேமராவில் இருந்த படங்களையும் அழித்துக் காலியாக வைத்தேன். சுத்தமாக வேலை செய்கிற ஆள் நான்.

கன்னத்தைப் பாருங்கள். மூன்று புள்ளி. படத்தில் இது எந்தக் கன்னம்? வலது. வலது கன்னத்தில் மூன்று யாருக்கு? ஆமாம். குட்டி வைத்திருந்தவளுக்கு.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். முகாமில் சாப்பிடுகிற கூரைக் கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வனத்துறை ஆட்கள் இரண்டு பேர், கிராமத் தலைவர், வினோ, ஞோவு, நான். வினோ என் படத்தைத் திரையில் போட்டாள். கன்னத்தை எண்ணினாள். அவள் முகம் மாறிப்போனது. குட்டி இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னாள், தமிழில், என்னைப் பார்த்து.

ஞோவு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"மரத்தில் இருந்தவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் ஆற்றுக்கு முதுகு காட்டுகிறாள். இது அவள் இல்லை."

வனத்துறைக்காரர் ஒருவர் சிரித்தார். ஆற்றைக் காணோமே, படத்தில் வெறும் இலைதான் இருக்கிறது என்றார். ஆற்றை வெட்டினவன் நான். இன்னொருவர், பீட்டர், உன் கண்ணுக்கு என்ன வயது, இந்தக் கேமராவுக்கு என்ன வயது என்று கேட்டார். கிராமத் தலைவர்கூடச் சிரித்தார். ஞோவு சிரிக்கவில்லை. நடையை வைத்துச் சொல்கிறேன், தடத்தை வைத்துச் சொல்கிறேன், இருபத்தேழு வருடம் பார்த்து வருகிறேன் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். பாம்போவும் இருந்தாரே, அவரைக் கேளுங்கள் என்றார்.

நான் தெரியாமல் செய்தேன் அண்ணாச்சி. பட்டனைத் தட்டினது எனக்கு நினைவே இல்லை. பழக்கம். மூச்சு விடுகிற மாதிரி. மூன்று நாள் கழித்து, காலண்டரின் அச்சுப் பிரதியை எடுத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் குட்டிகளின் தாயைக் கூண்டு வைத்துப் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். என்ன செய்வது?

பாறைக்குப் பக்கத்தில்தான் கூண்டு வைத்தார்கள். இடம் காட்டச் சொன்னது ஞோவைத்தான். மாட்டேன் என்றார். அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். அவளைக் கொண்டுபோன பிறகு குட்டிகளைப் பிடித்து வளர்க்கலாம் என்று வினோ ஓடினாள். இடுக்கு ஆழம். ஆள் வாசனை பட்டதும் உள்ளே போய்விட்டன. இறைச்சியைக் கட்டி வைத்துவிட்டு வந்தாள். அதைக் கழுதைப்புலி தின்றது.

ஞோவு தினமும் காலையில் தனியாகப் போய் மணலைப் பார்த்துவிட்டு வருவார். என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் கூடப் போனேன். நான்கு நாள் இரண்டு குட்டியின் சின்னத் தடமும் இருந்தது. ஐந்தாம் நாள் ஒன்றுதான். ஏழாம் நாள் மணலில் காற்று போட்ட கோடு மட்டும் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். குனிந்தே இருந்தார். நான் நோட்டைக் கையில் வைத்திருந்தேன். எழுதுங்கள் பாம்போ என்றார். அன்றைக்கு எழுதச் சொன்னார்.

ஒரு நிமிடம். போன் அடிக்கிறது. அவள்தான்.

ம், சொல்லும்மா. சென்னை வந்துட்டியா? நான் பஸ்லதான் இருக்கேன். வெயில்லாம் ஒண்ணும் இல்ல. சாப்பிட்டேன். சரி. சரிம்மா. நானா? யாருகிட்டயும் இல்ல, சும்மா பக்கத்துல ஒரு அண்ணாச்சிகூடப் பேசிட்டு வர்றேன். வை.

குரல் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறது. மூன்று விமானம் மாறி வருகிறாள். இன்றைக்கு எதுவும் பேசக் கூடாது. சாப்பிட்டுத் தூங்கட்டும்.

எங்கே விட்டேன்? ஆமாம், ஆடு. பன்னிரண்டாம் நாள் மறுபடியும் ஆடு போனது. மூன்று இரண்டு அங்கேயேதான் இருந்தாள், பின்னே ஆடு போகாமல் இருக்குமா? ஞோவு வந்து, பாருங்கள், நான் சொன்னேனே என்றார். வினோவும் யோசித்தாள். ஆனால் புத்தகத்தில் ஒன்று இருக்கிறதாம். ஒரு சிறுத்தையை ஓர் இடத்திலிருந்து எடுத்தால், காலி இடத்துக்கு வேறொன்று வந்துவிடுமாம். அப்படித்தான் ஆகிவிட்டது என்று எழுதினாள். அவள் மேல் தப்பில்லை. அப்பா எடுத்த படம் கையில் இருக்கிறது, அவள் வேறு எப்படி எழுதுவாள்?

ஞோவைத் தடம் பார்க்கிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். படத்தை மறுத்துப் பேசுகிற ஆளை வைத்துக்கொண்டு அரசாங்கத்துக்கு எப்படிக் கணக்குக் கொடுப்பது என்று வனத்துறை கேட்டது. வினோ அவரை வெளியே அனுப்பவில்லை. நல்ல பிள்ளை அவள். தண்ணீர் லாரி ஓட்டக் கொடுத்தாள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்காருகிற மனிதர், நாள் முழுக்க லாரிச் சத்தத்தில். நான் ஊர் திரும்புகிற நாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். அதற்குள் காட்டுத் தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது அறிக்கை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதி அங்கே அரசாங்கத்திடம் கொடுக்கப் போகிறாள். கொடுத்துவிட்டால் எல்லா முகாமுக்கும் அதுதான் நடைமுறை. தடம் பார்க்கிறவர் கண்ணால் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, படம் சொல்வதே கடைசி என்று ஒரு பக்கம் வருகிறதாம். அதற்கு உதாரணம் வேண்டுமே? பெயர் போடாமல், ஓர் அனுபவசாலி எப்படித் தப்பாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாள். பெயர் போடாவிட்டால் என்ன, அங்கே எல்லாருக்கும் தெரியும். முதல் பக்கத்தில் நன்றி என்று என் பெயரைப் போட்டிருக்கிறாளாம். அவர் பெயர் இல்லை, என் பெயர் இருக்கிறது. போன வாரம் போனில் படித்துக் காட்டினாள். 'பொறுமையோடும் துல்லியத்தோடும்' என்று ஒரு வரி. நல்லா இருக்காப்பா என்று கேட்டாள். நல்லா இருக்கும்மா என்றேன்.

சொல்லிவிட்டீர்களா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன் அண்ணாச்சி. ரயிலில் ஒருவர். கண் ஆஸ்பத்திரி வரிசையில் ஒருவர். கோவில்பட்டி கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது ஒருவர். முடிவெட்டுகிற இடத்தில் ஒருவர், அவர் பாதியிலேயே, மாடல் என்ன வைக்கணும் என்று கேட்டுவிட்டார். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். தெரியாமல் செய்ததுதானே, விடுங்கள் என்று. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஒரு வாரம் தாங்கும்.

மகளிடம் சொன்னீர்களா என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

கள்ளிக்குடி தாண்டிவிட்டதா? அடுத்தது உங்கள் ஊர்.

அந்த நான்கு பேரிடமும் ஒன்றைச் சொல்லவில்லை. உங்களிடமும் கொஞ்ச நேரம் முன்பு அப்படித்தான் சொன்னேன், மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது என்று. ஞோவு திரும்பி என்னைப் பார்த்தார் என்று சொன்னேன் இல்லையா, பாம்போவைக் கேளுங்கள் என்று. வினோவும் கேட்டாள்.

"அப்பா, நீங்கதான எடுத்தீங்க. எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சு?"

எனக்கு அந்த மரம் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்தது. முந்தின நாள் மத்தியானம் பட்டனைத் தட்டின விரல் எதுவென்றுகூடத் தெரிந்தது. எல்லாம் ஒரே நேரத்தில். ஒரு நிமிடம் இருங்கள், அந்தப் படம் திருப்பிப் போட்டது என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த வனத்துறைக்காரர்கள் முன்னால், இவள் அப்பா என்ன வேலை தெரிந்தவர் என்று அவர்கள் சிரிப்பார்களே என்று தோன்றியது. முந்தின நாள்தான் அவர்களிடம், என் அப்பா அச்சுத் தொழிலில் பெரிய ஆள் என்று வினோ சொல்லியிருந்தாள்.

"படத்துல இருக்குற மாதிரிதாம்மா" என்றேன்.

உட்கார்ந்தபடியே சொன்னேன். ஞோவு என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தெரிந்தும் தேன் கொண்டுவந்தார்.

அந்தக் கூண்டு மறுநாள்தான் வைத்தார்கள். ஒரு பகல் முழுக்க நேரம் இருந்தது எனக்கு. அன்றைக்குச் சொல்லியிருந்தால் குட்டி இருந்திருக்கும். தெரியாமல் செய்ததுதானே என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். சொல்லாதீர்கள்.

பிறகு ஏன் இந்தப் படத்தை அச்சகத்துக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கலாம். முதலாளி மகன், ஆப்பிரிக்காவில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் கொடுங்கள் அங்கிள் என்றார். கொடுத்தேன். பெருமையாக இருந்தது அண்ணாச்சி. வெட்கம் ஒரு பக்கம் இருந்தது, பெருமையும் இருந்தது. காலண்டர் சாம்பிள் ஆல்பத்தில் என் பெயர்கூடச் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். இப்போது டீக்கடையில் பார்க்கிறேன், ஜவுளிக்கடையில் பார்க்கிறேன், எல்லா இடத்திலும் அவள் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் தாளைக் கொஞ்சம் கொடுங்கள். ஒன்று காட்டுகிறேன். என் பக்கம்தான் வெயில் அடிக்கிறது. தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் நம்மைப் பார்க்கிற மாதிரி ஜன்னலில் வைத்துப் பிடிக்க வேண்டும். உங்கள் கடைப் பெயர் தலைகீழாக, சரி, தலைகீழ் இல்லை, இடம் வலமாகத் தெரியும், அதைப் பார்க்காதீர்கள். முகத்தைப் பாருங்கள். தெரிகிறதா? இடது கன்னம். ஒன்று, இரண்டு, மூன்று. இடப்பக்கம் பார்க்கிறாள். அங்கேதான் ஆறு.

இதுதான் அன்றைக்கு நாங்கள் பார்த்தது. இதைத்தான் அவர் சொன்னார்.

கண்டக்டர் திருமங்கலம் சொல்கிறார், எழுந்துகொள்ளுங்கள். அண்ணாச்சி, ஒன்று கேட்கலாமா? இந்தச் சாம்பிளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா? அச்சகத்தில் என் பெயரைச் சொல்லுங்கள், வேறு கொடுப்பார்கள். நானே அவர்களிடம் கேட்டு வாங்கியிருக்கலாம், மூன்று நாளாக வாசல் வரை போனேன். நானாக ஆரம்பித்துச் சொல்ல எனக்கு வராது. கையில் இது இருந்தால் அவள் கேட்பாள், என்னப்பா அது என்று. விரித்தால், உங்க சிறுத்தைல்ல என்பாள். கேட்டால் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். களைத்து வந்தாலும் இன்றைக்கே கேட்பாள்.

ரொம்ப நன்றி அண்ணாச்சி. பார்த்து இறங்குங்கள்.

அந்த ரப்பர் பேண்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். இருந்தால் நான் சுருட்டிப் போட்டுவிடுவேன். விரித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு போகிறேன்.